அப்பாவுக்கு எடை ஏற வேண்டும், மகளுக்கு இறங்க வேண்டும்

வாசகர் கேள்வி:

“என் அப்பாவுக்கு 68 வயது. பல வருடங்கள் புகைபிடித்தவர், விட்டு ஆறு வருடம் ஆகிறது. சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். உயரம் 168 செ.மீ. போன வருடம் 61 கிலோ இருந்தார், இப்போது 52. எனக்கு 46 வயது, சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. உயரம் 155 செ.மீ., எடை 82 கிலோ. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. எடை குறைந்தால் மூச்சுத் தொல்லை குறையும் என்று படித்தேன். அதனால் நாலு மாதமாக எங்கள் இருவருக்கும் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். அப்பா நன்றாகவே இளைத்துவிட்டார், ஆனால் முன்பு போல நடக்க முடியவில்லை என்கிறார். எனக்கு இரண்டு கிலோகூட இறங்கவில்லை. ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் காரணமோ என்று ஒரு மாதமாக அதையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். நாங்கள் செய்வது சரியா? எடையை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?”

நுரையீரல் மருத்துவரின் பதில்:

விளக்கமெல்லாம் அப்புறம். முதலில் இரண்டு காரியம், இன்றைக்கே செய்யுங்கள். அப்பாவுக்கு இரவுச் சாப்பாட்டைத் திரும்பக் கொடுங்கள். உங்கள் ஸ்டீராய்டு இன்ஹேலரை, மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவில் மறுபடி தொடங்குங்கள்.

நீங்கள் படித்தது பொய் இல்லை. எடை குறைந்தால் மூச்சு சுலபமாகும் என்பது உங்களைப் போன்றவர்களுக்கு உண்மைதான். அதே வரி உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. அவருக்கு எடை குறைவதே நோய் முற்றுவதன் ஓர் அடையாளம். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்குகிறது, இரண்டு பேரும் இன்ஹேலர் எடுக்கிறீர்கள். அதனால் ஒரே வைத்தியம் என்று நினைத்துவிட்டீர்கள். இப்படி நினைக்கிறவர் நீங்கள் மட்டும் இல்லை. சி.ஓ.பி.டி. நோயாளி இளைத்துப்போய் வந்தால் “நல்லா ஃபிட்டா ஆயிட்டீங்க” என்று சுற்றியிருப்பவர்கள் பாராட்டுவதை நானே கேட்டிருக்கிறேன். பாராட்டு வாங்கியவர் நாலு அடி நடந்ததும் நாற்காலியைத் தேடுவார்.

அப்பாவின் கணக்கைப் பார்ப்போம். 168 செ.மீ. உயரத்துக்கு 52 கிலோ என்றால் பி.எம்.ஐ., அதாவது கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண், ஏறக்குறைய 18.4. போன வருடம் 21.6 இருந்தது. போனது ஒன்பது கிலோ, அதாவது இருந்த எடையில் கிட்டத்தட்ட 15 சதவீதம். தானாக முயலாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ஐந்து சதவீதம் குறைந்தாலே நாங்கள் காரணம் தேடத் தொடங்குவோம். நீங்கள் இரவுச் சாப்பாட்டை நிறுத்தியது நாலு மாதத்துக்கு முன்புதான். அவர் அதற்கு முன்பே இளைக்கத் தொடங்கியிருந்தாரா என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் பட்டினியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

அதனால் எல்லாவற்றையும் சி.ஓ.பி.டி. தலையில் போடுவதற்கு முன் அவரை ஒருமுறை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். நீண்ட காலம் புகைத்தவர் காரணம் இல்லாமல் இளைத்தால் நுரையீரல் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். எக்ஸ்ரே போதுமா, சி.டி. ஸ்கேன் தேவையா என்பதை அவருடைய மருத்துவர் முடிவு செய்வார். காசநோய், சர்க்கரை நோய், தைராய்டு அதிகமாகச் சுரப்பது, மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பல் பிரச்சினையைச் சேர்த்துச் சொன்னால் சிரிக்காதீர்கள். மெல்ல முடியாமல் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, அதை யாரிடமும் சொல்லாமல் இருக்கும் பெரியவர்கள் நிறையப் பேர். இதற்காக அடுத்த வழக்கமான சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள்.

இவை எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். சி.ஓ.பி.டி. ஏன் ஆளை இளைக்க வைக்கிறது? இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை. உங்களுக்கு இப்போது இழுப்பு இல்லையென்றால் மட்டும் செய்யுங்கள். மூச்சை முக்கால்வாசி உள்ளே இழுங்கள். அதை வெளியே விடாமல், அதற்கு மேலேயே குட்டிக் குட்டியாக இழுத்து விட்டுப் பாருங்கள். பத்து மூச்சுக்குள் கழுத்துத் தசை இறுகும், களைப்பாக இருக்கும். உங்கள் அப்பா நாள் முழுக்க மூச்சு விடுவது ஏறக்குறைய இப்படித்தான். குறுகிப்போன மூச்சுக்குழாய்கள் வழியாகக் காற்று முழுதாக வெளியேறுவதில்லை. பழைய காற்று உள்ளேயே தங்கி நுரையீரல் உப்பிக்கொள்கிறது. அதன் கீழே குவிமாடம் போல வளைந்திருக்க வேண்டிய, மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் தட்டையாக அழுந்திப்போகிறது. தட்டையான உதரவிதானத்தால் சரியாக இழுக்க முடியாது. அந்த வேலையைக் கழுத்தும் விலாவும் சேர்ந்து செய்ய வேண்டியிருக்கிறது.

ஆரோக்கியமானவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, உடல் செலவிடும் மொத்த ஆற்றலில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவாகவே மூச்சு விடுவதற்குப் போகிறது. சி.ஓ.பி.டி. முற்றியவர்களுக்கு இது பல மடங்காகிவிடும். இன்னொரு பக்கம் வரவும் குறைகிறது. உதரவிதானம் கீழே இறங்கியதால் வயிற்றில் இடம் இல்லை. கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிட்டது போல இருக்கும். நிறைந்த வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும், மூச்சு இன்னும் வாங்கும். மெல்வதும் விழுங்குவதும்கூட மூச்சை நிறுத்தி நிறுத்திச் செய்யும் வேலை. அதனால் சாப்பிடுவதே அவர்களுக்கு அலுப்பாகிவிடுகிறது. நோயினால் உடல் முழுக்க ஓடும் மெல்லிய அழற்சியும், நோய் திடீரென்று அதிகமாகும்போது கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையும் தசையைக் கரைக்கும். மூச்சு வாங்குமே என்று பயந்து நடக்காமல் இருப்பதால் தொடைத் தசை மெலியும். மெலிந்த தொடையால் நடந்தால் முன்பைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்கும். “முன்பு போல நடக்க முடியவில்லை” என்று அப்பா சொல்வதில் நுரையீரலின் பங்கு எவ்வளவு, காலின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், கால் பாதியாவது இருக்கும் என்பதே என் ஊகம்.

எடை குறைந்தால் ஆயுளும் குறைகிறதா? இந்த நோயில் ஆம், தொடர்பு இருக்கிறது. சி.ஓ.பி.டி. எவ்வளவு ஆபத்தானது என்று கணக்கிட ‘போட்’ என்றொரு மதிப்பெண் முறை 2004-ல் வெளியானது. அதில் நாலு விஷயம் பார்ப்பார்கள்: ஊதும் பரிசோதனையில் தெரியும் அடைப்பு, மூச்சு வாங்கும் அளவு, ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம், அப்புறம் பி.எம்.ஐ. அந்த பி.எம்.ஐ.யில் ஆபத்துப் புள்ளி விழுவது குண்டானவருக்கு இல்லை. 21-ம் அதற்குக் கீழும் இருப்பவருக்குத்தான். போன வருடம் உங்கள் அப்பா அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தார், இப்போது நன்றாகக் கீழே வந்துவிட்டார்.

நல்ல சேதியும் இருக்கிறது. இது திருத்தக்கூடியது. எட்டு வாரச் சிகிச்சையில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடிய சி.ஓ.பி.டி. நோயாளிகள், கூடாதவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்ததை 1998-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. இரண்டு கிலோ என்பது எட்ட முடியாத இலக்கு இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. நோய் முற்றிய சி.ஓ.பி.டி.காரர்களில் கொஞ்சம் பருமனாக இருப்பவர்கள், ஒல்லியானவர்களைவிட அதிக காலம் வாழ்வதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இதைக் கேட்டுவிட்டு “அப்போ குண்டாவதுதான் மருந்தா?” என்று சிலர் இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமுமாக இறங்கிவிடுகிறார்கள். அந்த ஆய்வுகளை நான் அப்படிப் படிக்க மாட்டேன். நோய் ஆளை உருக்காமல் இருந்ததால்தான் சிலர் பருமனாகவே இருந்திருக்கலாம். எடை மெஷினுக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான், நுரையீரலுக்கு ஒன்றில்லை. பி.எம்.ஐ. இயல்பாக இருந்தும் தசை மட்டும் கரைந்துபோன நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களும் ஆபத்தில்தான் இருக்கிறார்கள். அப்பாவுக்கு ஏற வேண்டியது முக்கியமாகத் தசை.

அதற்கு என்ன கொடுப்பது? மூன்று வேளை நிறையச் சாப்பிடச் சொல்லாதீர்கள், முடியாது. ஐந்தாறு வேளையாகப் பிரித்து, அளவில் சிறியதும் சத்தில் பெரியதுமாகக் கொடுங்கள். முட்டை, பால், தயிர், மீன், கோழி, பருப்பு, கடலை என்று அவருக்கு எது பிடிக்கிறதோ, எது ஒத்துக்கொள்கிறதோ அது. சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் என்பது வழக்கமான இலக்கு. அவர் எடைக்கு இது நாளுக்கு 62 முதல் 78 கிராம். சாப்பாட்டின் மேல் ஒரு கரண்டி நெய்யோ எண்ணெயோ விட்டால், அளவு கூடாமலே கலோரி கூடும். சூப், ரசம் மாதிரித் தண்ணீரான எதையும் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்து வயிற்றை நிரப்ப வேண்டாம். வாயு உண்டாக்குகிறது என்று அவரே சொல்வதைத் தவிருங்கள். சாப்பிடுவதற்கு முன் கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டும். குளித்துவிட்டு மூச்சு வாங்க வாங்க நேராகச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார வேண்டாம். வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்தும்படி சொல்லியிருந்தால் சாப்பிடும்போது அதைக் கழற்றக் கூடாது. நிறைய வீடுகளில் சரியாக அந்த நேரத்தில்தான் கழற்றி வைக்கிறார்கள்.

சாப்பாடு மட்டும் போட்டால் கொழுப்பாகத்தான் சேரும். அதைத் தசையாக்க உடற்பயிற்சி வேண்டும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று ஒன்று உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், பிசியோதெரபிஸ்ட் கண்காணிப்பில் நடையும் லேசான எடைப்பயிற்சியும் சேர்த்துச் செய்வார்கள். சி.ஓ.பி.டி.யில் மூச்சு வாங்குவதைக் குறைத்து நடக்கும் தூரத்தைக் கூட்டுவதில் இதற்கு ஈடாக மருந்து இல்லை என்பேன். ஆனால் மருந்துக்கடையில் கிடைக்காத எதையும் நாமும் கேட்பதில்லை, மருத்துவர்களும் பாதி நேரம் சொல்வதில்லை. கேளுங்கள். பயிற்சி கிடைக்கும்வரை, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைத் தினமும் சில தடவை செய்யச் சொல்லுங்கள். தொடைக்கு அதுவே நல்ல தொடக்கம்.

இனி உங்கள் விஷயம்.

155 செ.மீ. உயரத்துக்கு 82 கிலோ என்றால் பி.எம்.ஐ. 34. இந்த எடை உங்கள் மூச்சைப் பல வழியில் தொடுகிறது. வயிற்றிலும் மார்பைச் சுற்றியும் இருக்கிற கொழுப்பு, மூச்சை விட்டபின் நுரையீரலில் இயல்பாகத் தங்க வேண்டிய காற்றைக் குறைத்துவிடுகிறது. இந்த இடத்தில் நீங்களும் அப்பாவும் நேர் எதிர். அவர் நுரையீரலில் காற்று வெளியே போகாமல் உப்பிக் கிடக்கிறது, உங்கள் நுரையீரல் விரிய இடமில்லாமல் சுருங்கியே வேலை செய்கிறது. நுரையீரல் சுருங்கியிருந்தால் அதனுள் இருக்கிற மூச்சுக்குழாய்களும் குறுகியே இருக்கும், லேசான தூண்டுதலுக்கும் இறுகிக்கொள்ளும். போதாததற்கு, கொழுப்புத் திசு சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. 2019-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், இறந்தவர்களின் 52 நுரையீரல் மாதிரிகளைச் சோதித்தபோது மூச்சுக்குழாயின் சுவருக்குள்ளேயே கொழுப்புப் படிந்திருப்பதைக் கண்டார்கள். பி.எம்.ஐ. கூடக்கூட அந்தப் படிவும் கூடியிருந்தது. பருமனானவர்களின் ஆஸ்துமா, உறிஞ்சும் ஸ்டீராய்டுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே கட்டுப்படுவதும் தெரிந்த விஷயம்.

குறைவாகக் கட்டுப்படும் என்றால் பயன் இல்லை என்று அர்த்தம் இல்லை. நீங்கள் இன்ஹேலரை நிறுத்தியது ஆபத்து. உறிஞ்சும் ஸ்டீராய்டின் அளவு மைக்ரோகிராமில் இருக்கும். ஆஸ்துமா மோசமாகும்போது கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையின் அளவு மில்லிகிராமில் இருக்கும். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். பசியைத் தூண்டி எடையை ஏற்றுவது பெரும்பாலும் அடிக்கடியோ நீண்ட நாளோ எடுக்கிற மாத்திரைதான். வழக்கமான அளவில் உறிஞ்சும் மருந்தைப் பெரியவர்களின் பருமனுக்குக் காரணமாகச் சொல்ல முடியாது. இன்ஹேலரை விட்டால் ஆஸ்துமா கட்டுமீறும், கடைசியில் எதற்குப் பயந்தீர்களோ அந்த மாத்திரையையே விழுங்க வேண்டி வரும். உறிஞ்சியபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வி, இதை உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை. மாடிப்படியில் வாங்குகிற அந்த மூச்சு ஆஸ்துமாதானா? பருமன் மட்டுமே காரணமாகவும் மூச்சு வாங்கும். வெறும் மூச்சு வாங்குதலை ஆஸ்துமா என்று நினைத்து மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதும் நடக்கும். ஸ்பைரோமெட்ரி எனும் ஊதும் பரிசோதனையைச் செய்தால் பெரும்பாலும் பிரிந்து தெரியும். அடைப்பு இருந்து மருந்துக்குப் பின் அது விலகினால் ஆஸ்துமாவின் பங்கு பெரிது. அடைப்பு இல்லாமல் எல்லா அளவுகளும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் எடையைச் சந்தேகப்படலாம். இரண்டும் கலந்து இருப்பதும் உண்டு. இதயத்தையும் இரத்தசோகையையும் இந்த வயதில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

குறட்டை விடுகிறீர்களா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக யாராவது சொன்னார்களா? பகலில் தூங்கி வழிகிறதா, காலையில் தலைவலியோடு எழுகிறீர்களா? ஆம் என்றால் தூக்கப் பரிசோதனை வேண்டும். உறக்க மூச்சுத்தடையும் நெஞ்செரிச்சலும் பருமனோடு சேர்ந்து வருபவை. இரண்டுமே ஆஸ்துமாவைக் கிளறிவிடும். பி.எம்.ஐ. 30-ஐத் தாண்டிய சிலருக்குப் பகலிலும் இரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். அதைத் தற்செயலாகக் கண்டுபிடிக்கும் நிலைக்கு விடக் கூடாது.

எவ்வளவு குறைத்தால் போதும்? பயப்படாதீர்கள், 55 கிலோவுக்கு வரச் சொல்லவில்லை. எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே ஆஸ்துமா கட்டுப்படுவது மேம்படுகிறது. உங்களுக்கு அது நாலு முதல் எட்டு கிலோ. 2000-ல் வெளியான பின்லாந்து ஆய்வு ஒன்றில், பருமனான 38 ஆஸ்துமா நோயாளிகளில் பாதிப்பேரை எட்டு வாரம் கடும் கட்டுப்பாட்டு உணவில் வைத்தார்கள். அவர்களின் ஊதும் திறனும் அறிகுறிகளும் மேம்பட்டன, ஒரு வருடம் கழித்தும் பலன் இருந்தது. அது மருத்துவக் கண்காணிப்பில் செய்தது, நீங்கள் வீட்டில் செய்துபார்க்க வேண்டாம்.

இரவுச் சாப்பாட்டை நிறுத்தியும் உங்களுக்கு ஏன் இறங்கவில்லை? அநேகமாக அந்தக் கலோரி மாலைச் சிற்றுண்டியிலும் மறுநாள் மதியத்திலும் திரும்பி வந்திருக்கும். ஒரு வாரம் வாயில் போடுவதை எல்லாம், டீயில் போடுகிற சர்க்கரை உட்பட, எழுதிப் பாருங்கள். வேளையைக் குறைப்பதைவிட ஒவ்வொரு வேளையிலும் மாவுச்சத்தையும் எண்ணெயையும் குறைத்து, புரதத்தையும் காய்கறியையும் கூட்டுவது நீண்ட நாள் தாங்கும். இந்த இடத்தில் டயட்டீஷியனுக்குச் செலவு செய்வது வீண் இல்லை. உங்களுக்கும் தசை கரையக் கூடாது, அதனால் நடையோடு எடைப்பயிற்சியும் வேண்டும். உடற்பயிற்சியில் இழுப்பு வருகிறதென்றால் ஆஸ்துமா இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்று பொருள். முதலில் இன்ஹேலரை ஒழுங்காக எடுத்து இரண்டு மூன்று வாரம் போகட்டும், பிறகு மெதுவாகத் தொடங்குங்கள். எடைக்குறைப்பு ஊசியோ அறுவை சிகிச்சையோ தேவையா என்பதை உங்கள் மருத்துவரோடு பேசலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடைசியாக, எடை பார்ப்பது. உங்களுக்கு வாரம் ஒருமுறை போதும். காலையில் கழிப்பறை போய்வந்த பின், சாப்பிடுவதற்கு முன், ஒரே மெஷினில். அப்பாவுக்கும் வாரம் ஒருமுறை பார்த்து ஒரு நோட்டில் எழுதி, மருத்துவரிடம் போகும்போது எடுத்துப்போங்கள். இருவரின் இன்ஹேலர்களையும் கொண்டுபோய் எப்படி உறிஞ்சுகிறீர்கள் என்று செய்து காட்டுங்கள்.

அப்பாவின் எடை ஏறுவதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு கிலோ, அரைக் கிலோ என்று ஏறினால் சந்தோஷப்படலாம். மூன்று நாலு நாளில் இரண்டு கிலோ ஏறி, கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தால் அது சதை இல்லை, நீர். நுரையீரல் நோயால் இதயத்தின் வலப்பக்கம் திணறும்போது அப்படி ஆகும். அன்றைக்கே அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அதோடு மூச்சு இரைத்துப் பேச முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே குழம்பிப் பேசினாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.